துள்ளுதா, வழியுதா?

யுத்த காலம் அது. பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லைக்காட்டில் ராகி அறுத்துக்கொண்டிருந்தோம். கதிர் பிடித்திருந்த என் நாத்தனார் ருக்குவின் மணிக்கட்டில் அரிவாள் இறங்கிவிட்டது.

"நரம்புதான் வெட்டுப்பட்டிருக்கு. துணி சுத்துனா நின்னுடும்" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் தோலுக்கடியில் ஓடுவதெல்லாம் நரம்புதான். ஆனால் சுற்றிய துணியையும் மீறி, நல்ல சிவப்பில், ரத்தம் துள்ளித் துள்ளி வந்தது. வைத்தியர் விரல் வைத்துப் பார்க்கும் இடமல்லவா அது!

"நரம்பில்லீங்க, நாடி! வண்டியப் பூட்டுங்க!" என்று கத்தினேன். காயத்தை அழுத்தினேன், அடங்கவில்லை. தண்ணீரை நிறுத்த மடையை மேலேதானே அடைக்கிறோம்? அவள் மேல்கையின் உட்புறத்தில் துடிக்கும் இடத்தைத் தேடி, எலும்போடு சேர்த்து இறுக்கினேன். துள்ளல் நின்றது.

"நோவுது அண்ணி, வுடு" என்று வழியெல்லாம் அழுதாள். என் விரல்கள் மரத்துப்போயின. விடவில்லை.

தையல் போட்ட டாக்டர் சொன்னார்: "இது இதயத்துலேர்ந்து வர்ற குழாய்ம்மா, அதான் துடிக்குது. பச்சையாத் தெரியறது இதயத்துக்குத் திரும்பிப் போறது. அதுல கறுத்த ரத்தம் சும்மா வழியும்."

ருக்கு பிழைத்தாள். இன்றும் யாராவது "நரம்பு அறுந்துடுச்சு" என்று ஓடிவந்தால், எழுந்து நடந்துகொண்டே கேட்பேன்: "துள்ளுதா, வழியுதா?"