ரீமர் இழுப்பறையும் மகளின் கல்யாணமும்

ரைபிள் குழலில் தோட்டா போய் அமரும் அறையை வெட்டும் கருவிக்கு ரீமர் என்று பெயர். அதை விற்பவனுக்கு விற்பதைவிடக் கேள்வி கேட்பதுதான் பெரிய வேலை.

லண்டனில் பார்க்கிங் என்னும் வட்டாரத்தில் ஒரு கருவிக் கடையின் கவுண்டரில் நிற்கிறேன். போட்டிகளில் குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்கு ரைபிள் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்கள் எங்களிடம் வருவார்கள். முகம் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். ரீமர்கள் இருக்கும் இழுப்பறையைப் பார்த்தபடியே மூன்று கேள்விகள் கேட்பேன். எந்தத் தோட்டா? அதன் முனையில் எந்த நீளக் குண்டு? உரிமம் எங்கே? மூன்றுக்கும் பதில் வராமல் இழுப்பறை திறக்காது. நீங்களும் ஒரு கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர் என்றால், இதற்கு நான் வாங்கும் திட்டுகளை விளக்கத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் பொருந்துவது

ஒரு பட்டறைக்காரர் மனைவியோடு வந்தார். எல்லா நீளக் குண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே ஒரு ரீமர் வேண்டுமாம். நீளக் குண்டுக்கு வெட்டிய அறையில் கட்டைக் குண்டு குழலுக்குள் இருக்கும் வரிகளை எட்டாமல் பின்னால் நிற்கும், குறி சிதறும் என்று இழுப்பறைக்கு விளக்கினேன். அவர் ஏற்கவில்லை. "தோட்டாவின் பெயர் ஒன்றுதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதுவரை வாசலில் நின்ற மனைவி உள்ளே வந்தார். "இவருக்கு முப்பது வருடமாகக் கால்சட்டை வாங்குகிறவள் நான். நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது, எனக்கே விற்றுவிடுங்கள்."

தொலைபேசியில் ஒரு சொல்

என் மகள் அனிற்றாவும் சவுத்தாலில் இருக்கும் ஒரு பெடியனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பெடியனுடையது டென்மார்க்கில் இருந்து லண்டனுக்கு வந்த குடும்பம். அப்போது நாங்கள் அவர்களை நேரில் கண்டதில்லை. பெடியனின் தாய் தொலைபேசியில் என் மனைவியிடம் நான் என்ன வேலை என்று கேட்டார். "கடையில நிக்கிறார்" என்றாள். என்ன கடை என்று அடுத்த கேள்வி வந்தது. மனைவி யோசிப்பதற்குள், மகள் பின்னாலிருந்து, "துவக்குக்கு ரீமர் விக்கிற கடை, மாமி" என்றாள்.

ஊரில் போர் நடந்தபோது துப்பாக்கிச் சத்தத்துக்கு ஓடி ஓடியே இவ்வளவு தூரம் வந்து சேர்ந்த சனம் நாங்கள்.  மறுமுனை, "யோசிச்சுச் சொல்லுறம்" என்றது. அத்தோடு அழைப்பே இல்லை. மகள் சாப்பாட்டு மேசைக்கு வருவதை நிறுத்தினாள். மனைவி என் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, ஊர்ச் சனம் எல்லாம் மரக்கறிக் கடையில நிக்குது, உங்களுக்கு மட்டும் எங்க இருந்து ஆப்பிட்டது இந்தக் கடை?"

ஒன்று குறைந்தது

அந்தக் கிழமை முழுவதும் என் மனம் கடையில் இல்லை. காலையில் ரீமர்களை எண்ணினேன். முப்பத்தேழு இருக்க வேண்டும், முப்பத்தாறுதான் இருந்தது. மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். முப்பத்தாறு. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன். என் சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பார்த்தேன், புட்டு மட்டுமே இருந்தது.

முதலாளி கீத் வந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையில் பிடித்து, மற்றவற்றைத் தொட்டுத் தொட்டு எண்ணிய கோல்தான் முப்பத்தேழாவது ரீமர். அதை என் விரல்களுக்குள்ளிருந்து மெதுவாக இழுத்தெடுத்தார். "மகளின் விஷயம் முடியும்வரை எண்ணுகிற வேலையை நான் பார்க்கிறேன், நீ கேள்வி கேட்கிற வேலையைப் பார்."

கோட்டுப் போட்டவர்

வெள்ளிக்கிழமை, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நம்மவர் ஒருவர் வந்தார். ஆங்கிலத்தில் தொடங்கி, என் முகத்தைக் கண்டு தமிழுக்கு மாறினார்.

"ஒரு ரீமர் தாங்கோ."

"எந்தத் தோட்டாவுக்கு?"

"நடுத்தரமா ஒண்டு."

"எந்த நீளக் குண்டு?"

"அதை நீங்களே பாத்துப் போடுங்கோ, அண்ணை."

உரிமம் கேட்டேன். சட்டைப் பையைத் தடவி பஸ் பாஸை நீட்டினார். அதை வாங்காமல், "உரிமம் இல்லாட்டி ஆருக்கும் தர ஏலாது" என்றேன்.

"பாக்கவெண்டாலும் ஒண்டை வெளியில எடுங்கோவன்."

"ஏலாது."

"காசு கூடத் தாறன்."

"அப்பவும் ஏலாது."

பஸ் பாஸைக் கண்டுவிட்ட கீத், பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வந்தவருக்குக் கோபம் இல்லை, முகத்தில் ஒரு நிம்மதி. தொலைபேசியை எடுத்து வாசலுக்குப் போனார். நம் ஆட்கள் தொலைபேசியில் இரகசியம் பேசும் சத்தம் உங்களுக்குத் தெரியும். கடை முழுக்கக் கேட்டது.

"ஓம், ஆளைப் பாத்திட்டன். நீ பயந்த மாதிரி ஒண்டும் இல்லை. ஆனா ஒரு ரீமரையே கண்ணில காட்டுறார் இல்லை, இந்த மனிசன் எங்கட பெடியனுக்குப் பொம்பிளையை எப்பிடித் தரப்போறார்?"

என் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் தெரியாத அந்த மனிதரின் வீட்டுக்கே மகளைக் கொடுத்துவிட்டேன். ரீமர் மட்டும் இன்றுவரை கொடுக்கவில்லை.