117ஆம் அட்டையின் தேடல்கள்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போங்கள். போன வருடம் ஜவ்வாது மலையில், ஒரு கிளை நூலகத்தில், பட்டப்பகலில் நடந்தது இது. புருஷோத்தமனுக்கு நடந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

நூலகர் என்று பெயர்தான். அந்த ஆள் முதலிலிருந்து கடைசிவரை படித்தது திருப்பத்தூர் பஸ் நேரம் ஒன்றைத்தான். மலைக்கு மாற்றல் வந்த நாளிலிருந்து முகத்தைச் சுளித்தபடியே இருந்தார். "சாமை தின்றவனுக்கு இன்னாத்துக்கு லைப்ரரி?" என்பார், அதே சாமைச் சோற்றை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே.

யாருக்கும் உறுப்பினர் அட்டை போட்டுத் தர மாட்டார். அவ்வளவு சோம்பல். யார் வந்து புத்தகம் கேட்டாலும், மேசை இழுப்பறையில் கிடந்த 117ஆம் எண் பழைய அட்டையை வைத்தே நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடுவார். தேடியதெல்லாம் நேரத்தோடு அந்த எண்ணின் தேடல் வரலாற்றில் பதிவாகிவிடும். அது யாருடைய அட்டை என்றுகூட அவர் பார்த்ததில்லை.

ஒரு நாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மாதத் தேடல் வரலாற்றை அனுப்ப வேண்டும். யாரும் தேடாத கிளை மூடப்படும், நூலகர் சொந்த ஊருக்கே போகலாம். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பது ஒரே அட்டை. அதன் தேடல் வரலாற்றை அழித்துவிட்டால் சொந்த ஊர் திருப்பத்தூர்.

வியாழக்கிழமை, காலை 11:20. வரலாறு முழுவதையும் அழித்தார். திரை காலியானது.

11:22. ஒரு வரி வந்திருந்தது. 'தேனீ வளர்ப்பு.'

அவர் விசைப்பலகையைத் தொடவில்லை. அங்கே இருப்பதும் ஒரே கணினிதான். இந்தக் காட்டில் கணினிகூட உருப்படாது என்று திட்டிவிட்டு அழித்தார்.

11:26. மறுபடி 'தேனீ வளர்ப்பு.' அதன் கீழே 'சாமைப் பயிர் நோய்.'

அழித்தார்.

அலமாரிக்குப் பின்னால் தாள் புரளும் சத்தம்... சரக்... எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

11:31. யாரோ மெல்லிய குரலில் வாசிக்கிறார்கள்... நிறுத்தி, நிதானமாக...

குரல் நின்றது.

11:33. புது வரி.

'சத்தமா படிங்க சார்.'

அழித்தார்... வந்தது. அழித்தார்... வந்தது.

காதருகே மூச்சு.

ஓடினார்.

அன்று மாலையே திருப்பத்தூரில் உட்கார்ந்து, 'தேடல் எதுவும் இல்லை' என்று வெள்ளைத்தாளில் எழுதி அனுப்பினார். இந்த மாதிரி ஆளுக்கு உயிர்பயத்திலும் பொய் மறக்காது.

பத்தாம் நாள் பதில் வந்தது. 117ஆம் அட்டையில் மட்டும் அந்த மாதம் நானூற்றுப் பன்னிரண்டு தேடல்கள். கிளை மூடப்படாது. மூன்று வருடத்துக்கு அவருக்கு மாற்றலும் கிடையாது.

வேறு வழியில்லாமல் மலைக்குத் திரும்பி வந்தவர், அப்போதுதான் அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தார். வீரன். நூலகத்தைக் கூட்டிப் பெருக்கும் பெரியம்மாளிடம், அந்த ஆள் அவ்வளவு படிப்பாளியா என்று கேட்டார்.

"வீரனுக்கு எழுத்தே தெரியாதுங்க சார். முன்ன இருந்த பூபாலன் சார்தான் கம்ப்யூட்டர்ல தேடி எடுத்து, வாய்விட்டுப் படிச்சிக் காட்டுவாரு."

தனக்கு முன்னால் அங்கே யார் இருந்தார் என்று புருஷோத்தமன் அதுவரை விசாரித்ததே இல்லை. அந்தப் பூபாலனின் போன் நம்பர் உடனே வேண்டும் என்றார். பெரியம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"எப்டிங்க பேசுவீங்க? ஐப்பசி மழையில ஆத்தத் தாண்டறப்ப, வெள்ளம் ரெண்டு பேரையும் அடிச்சினு போயிடுச்சி. அதனாலதானே உங்கள இங்க போட்டாங்க."