செல்போனில் அனுப்பிய சீர்

கல்லூரியில் படித்த மூன்று வருடமும் தங்கப்பாண்டிக்கு ஓட்டைக் கை. வீடு உசிலம்பட்டிப் பக்கம், படிப்பு மதுரையில். எவனுக்குப் பிறந்தநாள் வந்தாலும் விடுதி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டுவது இவன்தான். திருவிழா வந்தால் கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. "மாப்ள, நீ காச எடுக்காத" என்று பில்லைப் பிடுங்கிக்கொள்வான். வள்ளல்தான், போங்கள்!

காசு யாருடையது? அக்கா தமிழ்ச்செல்வியுடையது. அப்பா இல்லாத வீடு. அவள் நூல் மில்லில் நின்ற கால் வலிக்க வேலை பார்த்து மாதாமாதம் அனுப்பினாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இவன் வாரி இறைத்தான். "எந்தம்பி நாலு பேரு மத்தியில கை கட்டி நிக்கக் கூடாது" என்பாளே தவிர, ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை.

படிப்பு முடிந்தது. வேலை கிடைக்கவில்லை. சட்டை வாங்கிக்கொண்ட மாப்பிள்ளைகள் போனை எடுக்கவில்லை. அந்த வருடம்தான் அக்காவுக்குக் கல்யாணம். தாலிக்கயிற்றைத் தவிர கழுத்தில் ஒரு பொட்டுத் தங்கம் இல்லாமல் அவள் மணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். அன்றைக்கு அவனுக்குள் ஏதோ மரத்துப் போய்விட்டது.

இப்போது மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை. போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறான். எச்சில் கையால் காக்கை விரட்டாதவன் என்று கடையில் பேர் வாங்கிவிட்டான். கல்யாணம், கருமாதி எதற்கும் போவதில்லை. செலவழித்தால் வலிப்பதுமில்லை, சேர்த்தால் இனிப்பதுமில்லை. அக்கா காசை அக்காவிடம் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. அந்தப் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் எல்லாம். மேளம் அடித்து, வெடி போட்டு, தட்டுத் தட்டாகச் சீர் கொண்டு வருவான். அவன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். தமிழ்ச்செல்விக்கு உடன்பிறந்தவன் இவன் ஒருவன்தான்.

இவன் புத்தி வேறு வழியில் போனது. மேளம், வெடி, வேன், ஃப்ளெக்ஸ் எல்லாம் தெண்டச் செலவு. காசாகவே கொடுத்தால் அக்கா கழுத்துக்கு ஒரு சங்கிலி ஆகுமே! சேர்த்து வைத்திருந்த தொண்ணூறாயிரத்தையும் செல்போனிலேயே அனுப்பிவிட்டான்.

அக்கா உடனே கூப்பிட்டாள்.

"அடேயப்பா, எம்புட்டுடா அனுப்பியிருக்க! சரி, எப்ப வார?"

"சீர்ச் செலவும் அதுலயே இருக்குக்கா. மேளம் கீளம்னு காசக் கரியாக்க வேணாம். நீ சங்கிலி எடுத்துக்க."

"அப்ப வரமாட்டியா?"

"சீரில்லாம வந்தா ஊரு சிரிக்கும்க்கா. ஞாயித்துக்கெழம கடையிலயும் யாவாரம்."

"சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான். எம்மகளுக்கு ஒம்மடி வேணும்டா. வெறுங்கையோட வா."

"வெறுங்கையோட எப்படிக்கா வர்றது?"

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள். வாய்க்கு வாய் 'டா' போடுகிறவள். அந்த 'ப்பா' அவனுக்கு உறைக்கவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று சாப்பிடப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் நின்றபடி அக்காவின் ஸ்டேட்டஸைத் திறந்தான். பெரியப்பா மகன் பேயாண்டி மடியில் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அடுத்த வீடியோவில் மொய் எழுதும் இடம். மைக்கில் ஒருவர் படித்தார்.

"ஆரப்பாளையம் தங்கப்பாண்டி, ஐநூறு ரூவா!"

தாய்மாமன் என்று சொல்லவில்லை. அசலூர்க்காரர்களுக்குச் சொல்வதுபோல் ஊர்ப்பேர் வைத்துப் படித்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார்கள். கையிலிருந்த போன் 'டிங்' என்றது. ஐநூறு போக மிச்சம் எண்பத்தொன்பதாயிரத்து ஐநூறும் அக்காவிடமிருந்து திரும்பி வந்திருந்தது.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. வீடியோவை மறுபடி போட்டான்.

பக்கத்தில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த ராம்கி எட்டிப் பார்த்தான். "யாரு வீட்டு விசேசம்ணே?"

"தெரிஞ்சவங்க வீட்டுது" என்று சொல்லிவிட்டு, தங்கப்பாண்டி அடுத்த ஆளின் போனை வாங்கித் துடைக்க ஆரம்பித்தான்.