நானூறு கிராம் காப்பிப்பொடி

என் கையெழுத்து அழகாக இருக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில், மாட்டுங்காவில் எனக்கு முதல் வேலை கிடைத்தது அதனால்தான். கணக்கில் பட்டம் வாங்கியிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மளிகைக் கடையில் விலை அட்டை எழுதவும் பில் போடவும் ஆள் வேண்டியிருந்தது. துவரம்பருப்பு, உளுந்து, புளி, வெல்லம் என்று ஒவ்வொரு மூட்டையின் மேலும் என் எழுத்து நின்றது. தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி.

சேரும் ராத்தலும் போய் கிலோ வந்திருந்த நேரம் அது. சட்டம் மாறிவிட்டது, வாங்குகிறவர்களின் மனக்கணக்கு மாறவில்லை. மற்ற சாமான்கள் எப்படியோ கிலோவுக்குப் பழகிவிட்டன. காப்பிப்பொடி மட்டும் எல்லோருக்கும் ராத்தல்தான். ஒரு ராத்தல் என்பது நானூற்று ஐம்பத்து நாலு கிராம். எங்கள் கடையில் அது மூன்று ரூபாய். அரை கிலோ கட்டினால் பொடி கொஞ்சம் கூடும், விலையும் முப்பது நயா பைசா கூடும். வேறு கடைகளில் அப்படித்தான் செய்தார்கள்.

எங்கள் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருக்கு அந்த முப்பது பைசா பிடிக்கவில்லை.

"வெல ஏறிட்டுன்னு ஒரு பொம்பள சொன்னா போதும், மொத்த பில்டிங்கும் அடுத்த கடைக்குப் போயிரும். நீரு கணக்குப் படிச்சவருல்லா, ஒரு வழி சொல்லும்" என்றார்.

சொன்னேன். இந்த இடத்தைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை. யோசனை என்னுடையது. விலையைத் தொட வேண்டாம், எடையைத் தொடுவோம் என்றேன். நானூறு கிராமாகக் கட்டலாம். பழுப்புக் காகிதப் பை அதே அளவில் இருக்கட்டும். அடி மடிப்பைத் தடிமனாக வைத்தால் பாக்கெட் பழைய உயரத்துக்கு நிற்கும். எடையை எழுதத்தான் வேண்டும். எழுதினேன், சணல் கயிறு குறுக்கே போகும் இடத்தில், சின்னதாக. அட்டையில் மட்டும் பெரிதாக: "காப்பிப்பொடி பாக்கெட். பழைய விலையே. ரூபாய் 3."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முதலாளி அட்டையைத் தள்ளிப் பிடித்துப் படித்துவிட்டு, "நீரு வக்கீலுக்குல்லா படிச்சிருக்கணும்" என்று சிரித்தார். அந்த மாதம் சம்பளத்தில் ஐந்து ரூபாய் கூட்டினார். நானும் சிரித்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. அட்டையைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது கடைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பாலக்காட்டு மாமியின் வீட்டில். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. என்னையும் சேர்த்து ஆறு பிரம்மசாரிகளுக்குக் காலையில் காப்பி, இரண்டு வேளைச் சாப்பாடு. பாத்திரம் தேய்க்கத் தாராவியிலிருந்து ஒரு பெண் வருவாள். திருநெல்வேலிக்காரி, முப்பது வயதிருக்கும், புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. மாமியின் சிபாரிசில் அதே பில்டிங்கில் இன்னும் மூன்று வீடுகளில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மாமியின் வாய்ச்சொல்தான் அவளுக்கு நாலு வீடு.

சமையலறைக்குள் அவள் வரக்கூடாது. ஆனால் பாத்திரம் தேய்க்கும் மோரிக்கு மேலே ஒரு பலகை இருந்தது. காப்பிப்பொடி டின் அதில்தான் இருக்கும்.

மாமி பொருள் வாங்குவதில் மகா கெட்டிக்காரி. பாக்கெட்டை அடித்துப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், வெயிலில் மூன்று கடை ஏறி இறங்குவாள். மாதம் பிறந்ததும் காப்பிப்பொடி நாலு பாக்கெட் வாங்கி ஒன்றாக டின்னில் கொட்டிவிடுவாள். தினம் அதே கரண்டியால் அதே அளவு. நாலு ராத்தல் ஒரு மாதத்தைச் சரியாகக் கடத்தும். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்துவந்தது.

புது அட்டை தொங்கிய வாரம் மாமி கடைக்கு வந்தாள்.

"அம்பி, மூணு கடையிலயும் விலை கேட்டுண்டு வரேன். சர்க்கிள் முனைக் கடையிலே அரை கிலோ மூணு முப்பதுங்கறான். அரை கிலோன்னா ராத்தலைவிட ஒரு பிடி கூட, அவ்வளவுதானே? நீ கணக்குப் படிச்சவன். சொல்லு, எது லாபம்?"

முதலாளி இரண்டடி தள்ளி நின்றிருந்தார். நூறு கிராமுக்கு அங்கே அறுபத்தாறு பைசா, எங்களிடம் எழுபத்தைந்து. மனத்தில் அந்தக் கணக்கைப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை.

"நம்ம கடைதான் மாமி" என்றேன்.

"அதானே பார்த்தேன். ஒரு பிடிப் பொடிக்கு முப்பது பைசாவா" என்று நாலு பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். போகிற வழியில் இன்னும் இரண்டு மாமிகளுக்கும் சொல்லிவிட்டுப் போனாள்.

அது பிப்ரவரி. இருபத்தெட்டு நாள். பொடி சரியாக வந்துவிட்டது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மார்ச்சில் இருபத்தெட்டாம் தேதி டின் காலி. மாமி நெற்றியைச் சுருக்கினாள், மூன்று நாளுக்குக் கொஞ்சம் பொடி வாங்கி ஒப்பேற்றினாள். ஏப்ரலில் கரண்டியை வழித்துத் தலைதட்டிப் போட்டாள். அப்படியும் மாதம் முடியும் முன்னே டின்னின் அடி தெரிந்தது.

அன்று காலை நாங்கள் ஆறு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாமி டின்னைத் தூக்கிக்கொண்டு மோரிப் பக்கம் போனாள்.

"இதுக்குக் கால் முளைச்சு இறங்கிப் போறதா?"

அந்தப் பெண் சாம்பல் கையோடு நிமிர்ந்தாள். "எதுக்கு மாமி?"

"பொடிக்கு. ரெண்டு மாசமா பத்தலை. ஆத்திலே நானும் நீயும்தான்."

"நான் தொட்டதுகூட கெடையாது மாமி. எனக்குக் காப்பியே ஆவாது, பித்தம். எம்மவகூட கஞ்சிதான் குடிக்கா."

"குடிக்கணுமா என்ன? காப்பிப்பொடிக்கு எங்கேயும் காசு கிடைக்கும்."

எங்களில் ஒருவன், "விடுங்கோ மாமி, எலி காப்பி குடிக்கறதோ என்னவோ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கதவு வழியாக என்னைப் பார்த்தாள். நான் கடையில் வேலை பார்ப்பவன், எனக்குத் தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ. "சார், நீங்க சொல்லுங்க. நான் எடுக்கிறவளா?" என்றாள்.

நான் டவராவில் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். "சரிசரி, மாமி சும்மா கேக்கறா" என்று மட்டும் சொன்னேன்.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. உண்மையைச் சொல்லாமலே காரியத்தைச் சரிசெய்ய ஒரு வழி யோசித்தேன். அந்தப் புத்தி எனக்கு எப்போதும் உண்டு. மே மாதம் பிறந்ததும் மாமியிடம், "இந்தத் தடவை முனைக் கடையிலே அரை கிலோவா வாங்கிப் பாருங்கோ. அங்கே வறுவல் நன்னா இருக்கு" என்றேன். "உன் முதலாளி காதிலே விழப்போறது" என்று மாமி கேலி செய்தாள். ஆனால் வாங்கினாள். நாலு அரை கிலோ, முழு எடை. இனிக் குறையாது, அவளும் தப்பிப்பாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

மே முப்பத்தொன்றாம் தேதி டின்னில் இன்னும் நாலைந்து நாளுக்கான பொடி மிச்சம் இருந்தது.

மாமி அதை எங்கள் எல்லோருக்கும் சாய்த்துக் காட்டினாள். "பார்த்தேளா? அரை கிலோன்னா ஒரு பிடி கூடத்தான். அதை நான் கழிச்சுட்டேன். அப்பவும் முன்னே மூணு நாள் குறைஞ்சதே, அது எங்கே போச்சு? கேட்டேன், நின்னுடுத்து. கேக்கற வரைக்கும் எடுத்திருக்கா."

நான் செய்த உதவிதான் அவளுக்கு எதிரான சாட்சியாக நின்றது. அதை அந்த நிமிஷமே புரிந்துகொண்டேன். வாயைத் திறந்திருந்தால் இரண்டு வாக்கியம் போதும். ஆனால், "எது லாபம்?" என்று மாமி கேட்டதற்கு நான் சொன்ன பதிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் மாமி அவளை நிறுத்திவிட்டாள். கத்தவில்லை. மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்து, "நீ வேற இடம் பார்த்துக்கோ" என்றாள். ஒரு வாரத்துக்குள் மற்ற மூன்று வீடுகளிலும் அதே சொல்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். மாமியிடம் வேலை செய்த பெண் என்று விசாரித்து, சேற்றுப் பலகைகளில் கால் வைத்துப் போய்ச் சேர்ந்தேன். அவள் கூரையில் ஒழுகும் இடத்துக்குத் தகரம் செருகிக்கொண்டிருந்தாள். செம்பூரில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போவதாகவும் மழையால் நாலு நாளாக அதுவும் இல்லை என்றும் சொன்னாள். மகள் உள்ளே தரையில் உட்கார்ந்து உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நாளிலும் யாருக்கோ கூலிக்குப் பொறுக்குகிறாளாம்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ராத்தல், நானூறு கிராம், கயிற்றுக்கு அடியில் எழுதிய எழுத்து, முனைக் கடை. அவள் தகரத்தைப் பிடித்தபடியே கேட்டாள்.

"இத எங்கிட்ட எதுக்கு சார் சொல்லுதிய? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே."

தகரத்தை அழுத்திச் செருகிவிட்டுத் திரும்பினாள்.

"மாமிகிட்டல்லா சொல்லணும். அவுக ஒருத்தர்ட்ட சொன்னா பத்தாது. நாலு வீட்டுலயும் சொல்லணும்."

"சொல்றேன்."

"எப்பம்?"

"நாளைக்கு."

"நாளைக்குச் சொல்லிட்டியன்னா, நாளன்னைக்கு நான் வந்து மாமி வீட்டு வாசல்ல நிக்கேன்" என்றாள். கோபமே இல்லை; வேலைக்குத் தேதி பேசுவது போலத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை மாமி காப்பியை வைத்துவிட்டு, "நேத்து மழையிலே எங்கே போய்ட்டே?" என்று கேட்டாள். சிநேகிதனைப் பார்க்கப் போனேன் என்றேன். மாமி தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். சொல்ல ஒரு நாள் முழுவதும் இருந்தது. சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் நான் விடிவதற்குள் எழுந்து, காப்பி குடிக்காமல் கடைக்குப் போய்விட்டேன். அவள் வந்து வாசலில் நின்றதாகவும், மாமி கதவைத் திறக்காமலே அனுப்பிவிட்டதாகவும் இரவு சாப்பாட்டின்போது ஒருவன் சொன்னான். "உன்னைப் பத்திக் கேட்டாளாம், அந்த சார் ஒண்ணும் சொல்லலையான்னு. என்னடா விஷயம்?" என்று கண்ணடித்தான். தெரியாது என்றேன்.

அந்த மாதக் கடைசியில் ஒரு ஆபீசில் வேலை கிடைத்து முலுண்டுக்குக் குடிபோனேன். மாமி கைமுறுக்கு கட்டிக்கொடுத்து அனுப்பினாள். பிறகு என் வாழ்க்கை ஒழுங்காகவே நடந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமி இறந்து பல வருஷங்கள் ஆகின்றன. அந்த பில்டிங்கின் மற்ற மூன்று வீடுகளிலும் இப்போது யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவைக்கிறேன்: அவள் ஒரு கரண்டிப் பொடிகூட எடுக்கவில்லை.