தலையில்லாத பச்சை ஹெல்மெட்

எங்கள் தொழிலில் நல்ல நாள் என்றால் ஒன்றும் நடக்காத நாள். அதற்காக யாரும் நன்றி சொன்னதில்லை. மகனிடம் ஹெல்மெட் போடச் சொல்லித் தோற்றுப்போன பெற்றோர் எல்லாரும் இந்த வகையில் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

மொரப்பூர் பக்கம் ஒரு கரட்டுக் குன்றின் அடியில் பல நாடுகள் கூடி ஆராய்ச்சிக்கூடம் கட்டின. விண்ணிலிருந்து விழும் ஏதோ நுண்துகளைப் பிடிப்பதற்காம். விஞ்ஞானிகளுக்குத் துகள் விழ வேண்டும்; எனக்கு ஆள் விழக் கூடாது. கிடங்கில் கயிறும் கொக்கியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். விதிப்புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து, பாதுகாப்பு அலுவலர் ஆனேன்.

வால்

சாரம் கட்டுகிறவர்களில் கெட்டிக்காரர் அதியமான்கோட்டைக்காரரான மாது. உயரம் அவருக்குத் தரை மாதிரி. ஆனால் உடம்பில் பூட்டிய பெல்ட்டின் கொக்கியைக் குழாயில் மாட்டவே மாட்டார். அது வால் போலப் பின்னால் ஆடிக்கொண்டிருக்கும்.

காலைக் கூட்டத்தில் தினமும் சொல்வேன். ஒருநாள் மாதுவைத் தனியாக நிறுத்தி, சாரத்திலிருந்து விழுந்தால் எந்தெந்த எலும்பு போகும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கட்டிப்போட்டா மாடுகூட நல்லா மேயாதுங்க சார். நான் எப்படிங்க வேலை செய்யறது?"

சாம்பார்

மாதுவின் மனைவி சாந்திக்கு எங்கள் கேண்டீனில் வேலை. அங்கிருந்து பார்த்தால் சாரம் முழுதும் தெரியும். தட்டில் சோறு போடும்போதே, "கொக்கி மாட்டுறாருங்களா?" என்பார். நான் சாம்பார் கேட்பேன்.

என் மனைவியும் இருந்தவரை, வேலை முடிந்து வந்ததும் முதலில் கேட்பது, எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்றுதான். இப்போது கேட்க ஆளில்லை. சாந்தி கேட்டபோதெல்லாம் நான் சாம்பாருக்குத் தாவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒருநாள் சாந்தி கரண்டியை வைத்துவிட்டே பேசினார்: "வூட்டுல நான் சொன்னா சிரிக்கிறாருங்க. நீங்களாச்சும் மிரட்டி வைங்க சார். ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குதுங்க."

விசில்

மிரட்டினேன். ஒரு வாரம் மேலே ஏறவிடாமல் நிறுத்தியும் வைத்தேன். அதன் பலன் ஒரு விசில்.

எங்கள் இடத்தில் தொழிலாளர்களுக்கு மஞ்சள் ஹெல்மெட், பொறியாளர்களுக்கு வெள்ளை. பச்சை எனக்கு மட்டும். மேலிருந்து பார்ப்பவருக்கு ஆள் தெரியாது, ஹெல்மெட்டின் உச்சி மட்டும்தான் தெரியும். பச்சை தென்பட்டால் மாதுவிடமிருந்து விசில் வரும். கொக்கிகள் வரிசையாகக் குழாயில் விழும் ஓசை கேட்கும். நான் நகர்ந்தால் அத்தனையும் கழலும் ஓசை. என்னோடு நடந்துவந்த வெளிநாட்டு மேலதிகாரி முதல் ஓசையை மட்டும் கேட்டுவிட்டு என் கையைக் குலுக்கினார்.

இறங்கி வந்த மாதுவிடம் இது நியாயமா என்றேன்.

"தொப்பூர் ரோட்டுல போலீசு நின்னாத்தானே நாமளே ஹெல்மெட்டு மாட்டுறோம். நீங்களும் அப்படித்தானுங்களே?"

குழாயில் தொங்கியது

பல நாட்டுக் குழு பார்வையிட வந்தது. புகைப்படத்துக்கு எல்லாரும் ஒரே மாதிரி புது வெள்ளை ஹெல்மெட் அணிய வேண்டுமாம். என் பச்சையைக் கழற்றி, சாரத்தின் அடியில் ஏணியருகே ஒரு குழாயில் மாட்டிவிட்டுக் கூட்ட அறைக்குப் போனேன்.

இதுவரை விபத்தே இல்லை என்று நான் திரையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே கூச்சல். ஓடினேன். மேலே பலகை ஒன்று புரண்டிருந்தது. மாது அந்தரத்தில், கொக்கியின் கயிற்றில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தார். கீழே சாந்தி, கையில் கரண்டியோடு.

தூக்கி இயந்திரத்தின் கூடையில் இறக்கினோம். தோளில் சிராய்ப்பு மட்டும். சாந்தி முதலில் கரண்டியாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தார். பிறகுதான் அழுதார்.

மாது என் தலையிலிருந்த வெள்ளையைப் பார்த்தார். ஏணியருகே தொங்கிய பச்சையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கீழ நிக்கிறது நீங்க இல்லைன்னு தெரிஞ்சிருந்தா, மாட்டியிருக்கவே மாட்டேனுங்க சார்."

இத்தனை காலம் நான் தொண்டை வறளப் பேசியும் செய்யாததைத் தலையில்லாத ஒரு ஹெல்மெட் வாய் திறக்காமல் செய்துவிட்டதால், மறுநாளே இன்னும் நான்கு பச்சை வாங்கி, எதில் என் தலை இருக்கிறது என்று மேலே யாருக்கும் தெரியாதபடி ஏணிக்கு ஒன்றாக மாட்டிவிட்டு, சாந்தியிடம் போய்த் தலைநிமிர்ந்து சாம்பார் கேட்டேன்.