யானை வேலியும் சாச்சியின் விலைமனுவும்

வனவிலங்குக் காரியாலயத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, நான் தினமும் யானை பார்க்கப் போகிறேன் என்றே வீட்டில் நினைத்தார்கள். முதல் வருடம் முழுக்க நான் பார்த்தது டயரும் பற்றரியும் வேலிக் கம்பியும்தான். அதுவும் கடதாசியில். புத்தளம் நகரத்தில் இருந்த அந்தச் சின்னக் காரியாலயத்தில் சாமான் வாங்குகிற, வேலை கொடுக்கிற பகுதிக்கு நான்தான் எழுதுநர். ஜீப்புக்கு ஒரு கண்ணாடி உடைந்தாலும் மூன்று கடையில் விலை கேட்டு எழுத வேண்டும். காட்டுக்குள் நிற்கிறவர்கள் வயர்லெஸில் அவசரப்படுவார்கள். நான் மூன்றாவது கடைக்காரரின் கையெழுத்துக்காகக் காத்திருப்பேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேறச் சொல்லி, மன்னாரிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லோரும் வெளிக்கிட்டு வந்தபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை. உம்மாவின் தங்கை, என் சாச்சி, கரைத்தீவில் எங்கள் ஆட்கள் குடியேறிய இடத்தில் இருந்தாள். பாதை திறந்ததும் அவள் புருஷன், சாச்சா, கடல் தொழிலுக்கென்று மன்னாருக்கே திரும்பிவிட்டார். சாச்சி போகவில்லை. யாராவது கேட்டால், “இஞ்ச வெச்ச தென்னம்பிள்ளை காய்க்கட்டும், பொறகு பாப்பம்” என்பாள். அந்தத் தென்னம்பிள்ளைகளைத்தான் யானை வந்து பிடுங்கிக்கொண்டிருந்தது.

யானை வராமலிருக்கக் குடியிருப்புக்குப் பின்னால் மின்வேலி போட்டிருந்தார்கள். ஆனால் புல்லும் கொடியும் வளர்ந்து கம்பியில் பட்டால் கரண்ட் மண்ணுக்குள் இறங்கிவிடும். பிறகு அது வெறும் கம்பிதான், யானைக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் வருடா வருடம் வேலியோரம் வெட்டித் துப்புரவாக்குகிற வேலைக்கு டெண்டர் போடுவோம்.

அந்த வருடம் எங்கள் பொறுப்பதிகாரி ஃபைலை என் மேசையில் வைத்து, “இந்த முறை ஊர்ச் சங்கங்களும் விலை போடலாம் என்று மேலிடம் சொல்லியிருக்கிறது. கரைத்தீவு மாதர் சங்கம் வந்து கேட்டுவிட்டுப் போனது” என்றார். அவர் குருநாகல் பக்கத்துச் சிங்களவர். என்னோடு சிங்களத்தில்தான் கதைப்பார், தங்கச்சி என்பதற்கு ‘நங்கி’ என்று கூப்பிடுவார்.

“சேர், அந்தச் சங்கத்துத் தலைவி என் உம்மாவின் தங்கை” என்றேன்.

அவர் ஃபைலைத் திரும்ப எடுத்தார்.

“அப்படியென்றால் நங்கி, இதை நீங்கள் தொடக் கூடாது. அதை ஒரு கடிதமாக எழுதித் தாருங்கள். கோபமில்லை. இதை வேறு யாராவது வந்து என்னிடம் சொல்லியிருந்தால் உங்களுக்கும் கரைச்சல், அவர்களுக்கும் கரைச்சல்.”

நான் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன், ஃபைல் ஸ்டோர் பொறுப்பாளரின் மேசைக்குப் போனது. அன்று பின்னேரம் பஸ்ஸில் போகும்போது நான் ஏதோ நல்ல காரியம் செய்தது போலத்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாச்சி வீட்டுக்குப் போனபோது அவள் பாயில் கடதாசிகளைப் பரப்பி வைத்திருந்தாள். எல்லாம் சிங்களம்.

“வா மகள், உன்னத்தான் பாத்துக்கொண்டிருக்கன். இதில என்ன கேட்டிருக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு.”

“ஏலாது சாச்சி. நான் சேரிட்டச் சொல்லிட்டன், நீங்க என்ட சாச்சி எண்டு. இனி நான் இதைத் தொடக் கூடாது.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “உன்னட்டக் கேட்டாங்களா?”

“இல்ல.”

“கேக்காததுக்கு எதுக்குப் போய்ச் சொன்ன? மத்தவன்ட ஆக்கள் எல்லாம் எல்லாக் கந்தோரிலயும் இருக்காங்க. எங்களுக்கு எண்டு இருக்கிறது நீ ஒருத்திதான். நீயும் போய்க் கதவைச் சாத்திப்போட்டு வந்திருக்கிற.”

சாச்சி சாப்பாடு போட்டுத் தந்தாள், கதைக்கவில்லை. அவள் சொன்னதில் பொய்யென்று எதுவுமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை நான் பொறுப்பதிகாரியிடம் போனேன். “சேர், ஃபைலைப் பற்றிக் கேட்க வரவில்லை. டெண்டர்க் கடதாசி சிங்களத்தில் மட்டும் இருக்கிறது. அதைத் தமிழில் போட்டு எல்லோரும் வாசிக்கிற மாதிரி அறிவித்தல் பலகையில் ஒட்டினால் பிழையா?”

“எல்லோருக்கும் ஒரே மாதிரி என்றால் பிழையில்லை. ஆனால் நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம்” என்றார். பிரதேச செயலகத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவரிடம் அனுப்பி, அது திரும்பி வந்து பலகையில் ஏறும்போது கடைசித் திகதியையும் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டியிருந்தது.

அதை முதலில் வந்து வாசித்தவர் மதுரங்குளியிலிருந்து வருகிற கொந்தராத்துக்காரர். பல வருடமாக வேலி வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிறவர். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை வாசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“இவ்வளவு காலமும் என்ட டிரைவர் பொடியன்தான் வாசிச்சுச் சொல்லுவான் தங்கச்சி. அவன் விட்டுட்டு வாசிச்சதெல்லாம் இப்பத்தான் தெரியுது” என்று சிரித்தார்.

விலைமனு திறக்கிற நாளில் பொறுப்பதிகாரியின் அறைக்குள் நான் போகவில்லை. என் மேசை அறைக்கு வெளியே, நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். எல்லாம் கேட்கும். சாச்சியும் சங்கத்துப் பெண்கள் சிலரும் முதல் பஸ்ஸிலேயே வந்து வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். சாச்சி என் பக்கம் திரும்பவில்லை. மதுரங்குளிக்காரர் வந்தார். சிலாபத்திலிருந்து ஒருவர் தபாலில் அனுப்பியிருந்தார்.

எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, உறைகளை வெட்டி விலைகளை உரத்து வாசித்தார்கள். மாதர் சங்கத்தின் விலைதான் எல்லாவற்றிலும் குறைவு. உள்ளே பெண்கள் மெதுவாக “அல்ஹம்துலில்லாஹ்” என்றது எனக்குக் கேட்டது. பிறகு தாள் புரட்டுகிற சத்தம். புரட்டிக்கொண்டேயிருந்தார்கள்.

பொறுப்பதிகாரி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “விலை நல்லம். ஆனா முந்தி இந்த மாதிரி வேலை செய்த கடிதம் இல்ல. அது இல்லாம எனக்குக் குடுக்க ஏலாது, அம்மா.”

“வேலை தராம வேலை செஞ்ச கடிதம் எங்கால வாறது சேர்?”

சாச்சியின் குரல்தான். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

“நியாயம்தான்” என்றார் அவர். “ஆனா ஏலாது.”

வேலை மதுரங்குளிக்காரருக்குப் போனது. பெண்கள் போன பிறகு பொறுப்பதிகாரி வெளியே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். அப்படியே ஜீப்புக்குப் போய்விட்டார்.

பிறகு நடந்ததைச் சங்கத்துப் பெண்கள் சொல்லித்தான் அறிந்தேன். மதுரங்குளிக்காரர் ஒருநாள் காலையில் சாச்சி வீட்டு வாசல் படலையில் வந்து நின்றிருக்கிறார். எங்கள் ஆட்கள் வழக்கப்படி ராத்தா, நானா என்று அக்கா அண்ணன் முறை வைத்துத்தான் இருவரும் கதைத்திருக்கிறார்கள்.

“ராத்தா, வேலிக்கு ஆள் வேணும். உங்கட சங்கத்துப் பொம்பளைகள் வருவாங்களா?”

“எங்களுக்கு வரவேண்டிய வேலையை எடுத்துப்போட்டு, எங்களையே கூலிக்குக் கேக்கிறீங்களா நானா?”

“கூலிக்கு மட்டும் கேக்கல்ல. நீங்களே பொறுப்பா நிண்டு நடத்துங்க. போன வருஷம் என்ட ஆக்கள் யானையைக் கண்டு பாதியில ஓடிட்டாங்க. உங்களுக்கு ஓட ஏலாது, புல் வளந்தா உங்கட தென்னைதான் போகும். முடிஞ்ச பிறகு இந்தச் சங்கம்தான் செஞ்சது எண்டு நான் எழுதித் தாறன். சேரிட்ட முன்கூட்டியே கேட்டு அனுமதியும் எடுத்துட்டன்.”

சாச்சி உடனே ஓமென்று சொல்லவில்லையாம். பெண்களோடு கதைத்து, அடுத்த நாள்தான் ஆள் அனுப்பியிருக்கிறாள்.

அந்த வேலையை அவர்கள் மழைக்கு முன்பே முடித்தார்கள். பொறுப்பதிகாரி வேலி நெடுக நடந்து பார்த்துவிட்டு வந்து, கம்பியில் ஒரு கொடிகூட இல்லை என்று காரியாலயத்தில் எல்லோர் முன்னிலும் சொன்னார். மதுரங்குளிக்காரர் சொன்னபடி கடிதமும் கொடுத்தார்.

அடுத்த வருடம் சங்கம் மறுபடி விலை போட்டது. அப்போதும் நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், ஃபைலைத் தொடவில்லை. வேலை அவர்களுக்குக் கிடைத்தது. கிடைத்த கையோடு ஒரு பெட்டிஷனும் வந்தது, பெயர் இல்லாமல்: காரியாலயத்தில் இருக்கிற, சங்கத் தலைவியின் பெறாமகள்தான் வேலையை எடுத்துக் கொடுத்தாள் என்று. விசாரிக்க வந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பொறுப்பதிகாரி முந்திய வருடம் நான் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் இந்த வருடத்துக் கடிதத்தையும் எடுத்து முன்னால் வைத்தார். வந்தவர் வாசித்துவிட்டு, “சரி, நீங்கள் போய் வேலையைப் பாருங்கள்” என்றார். அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கச் சாச்சி வந்தாள். பொறுப்பதிகாரி கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வரவழைத்தார். சாச்சி தமிழ்ப் பிரதியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். எழுத்துக்கூட்டி, விரல் வைத்து. யாரும் அவசரப்படுத்தவில்லை. மத்தியானத் தொழுகையான லுஹருக்குப் பாங்கு கேட்டது. அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள்.

“சேர், மழை பேஞ்சு வேலை நிண்டா என்ன செய்யிறது எண்டு இதில இல்லையே?”

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். இல்லைதான். தலைமைக் காரியாலயத்துக்குப் போன் செய்து, கதைத்து, மழை நாட்களைத் தள்ளிக் கணக்கெடுப்பது என்று ஒரு வரி சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் சாச்சி பேனையை எடுத்தாள்.

போகும்போது என் மேசையடியில் நின்றாள்.

“பெட்டிஷன் கதை கேள்விப்பட்டன். நீ அண்டைக்கு வாயைத் திறந்தபடியாத்தான் எங்கட வேலை பறிபோகல்ல” என்றாள். “எனக்கு அப்ப அது விளங்கல்ல. ஆத்திரம்தான் வந்தது.”

“எனக்கும் அப்ப முழுக்க விளங்கல்ல சாச்சி” என்றேன். அவள் என் தலையைத் தடவிவிட்டு வெளியே இறங்கினாள்.

வேலை தொடங்குகிற நாள் ஒரு சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. சாச்சியோடு நானும் ரொட்டிப் பொதியைத் தூக்கிக்கொண்டு வேலியடிக்குப் போனேன். பெண்கள் கத்தியும் மண்வெட்டியுமாக வரிசையாக நின்றார்கள். வெட்டத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முன்னால் நின்றவள் கையை உயர்த்தினாள். வேலிக்கு அந்தப் பக்கம், பாலை மரத்தடியில், ஒரு தனி யானை நின்றது. காதை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. அத்தனை நாள் அந்தக் காரியாலயத்தில் வேலை செய்தும் நான் அவ்வளவு கிட்டத்தில் யானையைப் பார்த்தது அன்றுதான்.

எங்களோடு வந்திருந்த காவலர் யானைவெடியை எடுத்துப் பற்றவைக்கப் போனார்.

“வேணாம் தம்பி” என்றாள் சாச்சி. “அது அதுட பாட்டில நிக்குது. நாங்க சாப்பிடுவம்.”

எல்லோரும் பின்னால் வந்து முந்திரி மர நிழலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தார்கள். யாரும் உரத்துக் கதைக்கவில்லை. யானை கொஞ்ச நேரம் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிக் காட்டுக்குள் போனது. சாச்சி கையைக் கழுவிக்கொண்டு எழும்பினாள். “சரி, வாங்க புள்ளைகள்” என்றாள். மறுபடி வெட்டத் தொடங்கினார்கள்.