எதிராத்து மாமியும் மரச்சீனியும்

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவள் எதிராத்து மாமிதான். அவள் வீட்டுக்கு எதிரே இருந்தது எங்கள் வீடு மட்டும்; ஆனாலும் தெருக்கோடிவரை அதே பெயர். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நான் மலையாள தேசத்துக் கரமனைக்கு வந்த அன்று, ஆரத்தி எடுத்து முடிப்பதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"குழந்தை பசிச்சுக் கிடக்கா. பாட்டும் கூத்தும் பின்னே ஆகட்டும். முதல்லே இவளுக்கு ஒரு வாய் மோருஞ்சாதம் கொடுங்கோ."

அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

மாமிக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். மாமா சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. ஒரே பிள்ளை பம்பாயில். இரண்டு பேருக்குச் சமைத்து முடித்தால் மீதிப் பொழுதெல்லாம் தெருவுக்குத்தான். யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பிரசவ வலி என்று அவளுக்கு முதலில் தெரிந்துவிடும். கூப்பிடாமலே போய் நிற்பாள். குரல்தான் பெரிசு. ரகசியம் சொன்னால்கூட ஆற்றங்கரைக்குக் கேட்கும்.

யுத்தம் வந்தது. பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று, அரிசிக் கப்பலும் நின்றது. சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடைகள் பாதி நாள் பலகை போட்டுக் கிடந்தன. மாதச் சம்பளக்கார வீடுகளிலேயே ஒரு வேளைதான் சாதம். மற்ற வேளைக்கு மரச்சீனி. மரவள்ளிக் கிழங்குக்கு அங்கே அதுதான் பெயர். ஊரே அதைத் தின்றுதான் உயிர் வைத்திருந்தது. ஆனால் அக்ரஹாரத்துச் சமையலறைக்குள் அது நுழையக் கூடாத பண்டம். அதனால் ஒளித்துச் சாப்பிட்டோம். கிழங்குக்காரி கூடையைத் துணியால் மூடிக்கொண்டு கொல்லைப்புறமாக வருவாள். கதவைச் சாத்திக்கொண்டு வேகவைப்போம். தோலைக் கொல்லையில் புதைப்போம், இல்லையென்றால் விடியுமுன் ஆற்றில் விட்டுவிடுவோம்.

"யாராவது கேட்டா கோதுமைக் கஞ்சின்னு சொல்லு, கேட்டயா?" என்று என் மாமியார் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு நாள் காலை படித்துறையில் பெண்கள் கூட்டமாகக் குளித்துக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து கிழங்குத் தோல் ஒன்று, உள்பக்கம் இளஞ்சிவப்பாக, நாடா மாதிரி நீளமாக மிதந்து வந்தது. எல்லோரும் பார்த்தோம். எல்லோரும் வேறு பக்கம் திரும்பிப் புடவை அலசினோம். அது எங்கள் வீட்டுத் தோல். மேல் படித்துறையில் நான் விட்டது எந்தச் செடியிலோ சிக்கி நின்று, இப்போது வந்து சேர்ந்திருந்தது.

மாமி கையை நீட்டி அதை எடுத்தாள்.

"யாராத்துது இது? என்ன அழகா ஒரே தோலா உரிச்சிருக்கா! எனக்குத் துண்டு துண்டான்னா போறது!"

எங்கிருந்து தைரியம் வந்ததோ, "எங்காத்துதுதான் மாமி. உரிச்சது என் மாமியார்" என்றேன். யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான். "எங்காத்துலேயும் அதான்", "எங்காத்துலே ரெண்டு வேளையும்" என்று ஆளுக்கு ஆள் சொல்லிச் சிரித்தோம்.

தெருக்கோடி வீட்டுப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்த புருஷன் அம்மை கண்டு போனபின், குழந்தைகளோடு தனியாக இருந்தவள். பிழிந்த துணியைப் பிடித்தபடியே சொன்னாள்:

"எங்காத்துலே அதுவும் இல்லை மாமி. குழந்தைகளுக்கு வெல்லத் தண்ணிதான். எல்லாராத்துலேயும் சாதம் சாப்பிடறான்னு நெனச்சேன். யாருட்டப் போய்க் கேக்கறது?"

மாமியின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. "வா" என்று அவள் கையைப் பிடித்து, ஈரப்புடவையோடு படியேறிப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் தன் வீட்டு வாசலில், நடுத்தெரு பார்க்க, கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். கல்யாணங்களுக்கும் நைவேத்யத்துக்கும் எடுக்கும் பெரிய உருளியைக் கேட்டு ஊர்ப் பெரியவரிடம் போனாள். உருளி இருந்த சமூக மடத்துச் சாவி அவரிடம்தான்.

"சுவாமிக்கு நைவேத்யம் பண்ற பாத்திரத்துலே மரச்சீனியா? நான் இருக்கற வரைக்கும் நடக்காது" என்றார் அவர்.

"நடக்க வேண்டாம் மாமா. எங்காத்து வெந்நீர்த் தவலை இருக்கு, அது மதி, போறும்" என்று சொல்லிவிட்டு வந்து, புளி போட்டுத் தவலையைத் தேய்த்தாள்.

முதல் நாள் வந்தது தெருக்கோடிப் பெண்ணும் குழந்தைகளும் நானும்தான். கிழங்கை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, உப்பும் பச்சைமிளகாயும் தேங்காயெண்ணெயும் போட்டுக் கிளறினோம். வாசனை எல்லா வீட்டுக்குள்ளும் போயிற்று. மறுநாள் சிலர் தேங்காயோடு வந்தார்கள். அப்புறம் என் மாமியாரே ஒரு கத்தியோடு தெருவைக் கடந்து வந்து உட்கார்ந்தாள். "நகரு, உனக்கு உரிக்கத் தெரியலை" என்றாள். மாமி நகர்ந்து இடம் கொடுத்தாள். கிழங்குக்காரி கூடையில் துணி போடுவதை விட்டாள். தெருவின் நடுவே கூவிக்கொண்டு வந்தாள். மாமி அவளுக்கும் இலையில் வைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து முணுமுணுத்தவர்கள் உண்டு. மாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரியவர் வீட்டு மாமி தினமும் ஒரு மூடிய பாத்திரத்தில் வாங்கிப் போவாள். "வேலைக்காரிக்கு" என்பாள். ஒரு நாள் பெரியவரே தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

அவர் தவலையைப் பார்த்தபடி என்னிடம், "பச்சமொளகா கொஞ்சம் கம்மியாப் போடச் சொல்லு. என் வயத்துக்கு ஆகலை" என்றார்.

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். மாமி சிரிக்கவில்லை. "அதுக்கென்ன மாமா, உங்களுக்குத் தனியா எடுத்து வெக்கறேன்" என்றாள். அப்படியே செய்தாள். கொஞ்ச நாளில் உருளி மடத்திலிருந்து தானாக வந்து சேர்ந்தது.

ரேஷன் அரிசி ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியபின் அந்த அடுப்பு நின்றது. தெருக்கோடிப் பெண் மாமியோடு சேர்ந்து அப்பளம் இட்டு விற்கப் பழகினாள். அவள் குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

யுத்தம் முடிந்து மாமா பென்ஷன் வாங்கியதும், பிள்ளை வந்து இருவரையும் பம்பாய்க்கு அழைத்துப் போனான். வண்டி வந்து நின்றபோது தெரு முழுக்க வெயிலில் நின்றது. "இப்படி வெயில்லே நின்னா தலை வலிக்கும், ஆத்துக்குப் போங்கோ எல்லாரும்" என்று வண்டிக்குள்ளிருந்து அதட்டினாள். யாரும் போகவில்லை. என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே இந்தத் தெருவிலே யாரு சத்தம் போடுவா?" என்றாள்.

வண்டி திரும்பி மறைந்தபின்னும் அந்தக் குரல் கேட்டது. வண்டிக்காரனிடம் அவன் குடும்பத்தை விசாரித்துக்கொண்டிருந்தாள்.